லைவ் மைக்ரேஷன் பிராசஸரில் முட்டி நிற்கிறதா?

மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் (ஒரே சர்வருக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது மெய்நிகர் கணினிகளை, ஓட்டும் மென்பொருள்) ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை அணைக்காமலே பழைய சர்வருக்கு நகர்த்தும்போது, அதாவது லைவ் மைக்ரேஷனில், பிராசஸர் பொருந்தவில்லை என்று பிழை வந்தால், நெட்வொர்க்கைக் குடைய வேண்டாம். புது சிபியுவில் உள்ள சில வசதிகள் பழையதில் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் மெஷினை முழுவதுமாக ஷட்டவுன் செய்யுங்கள். ரீஸ்டார்ட் போதாது, ஓடும்போது இந்த அமைப்பை மாற்றவே முடியாது. அப்புறம் செட்டிங்ஸ், பிராசஸர், அதற்குக் கீழே கம்பாட்டிபிலிட்டி. அங்கே இருக்கும் ஒரே பெட்டியை டிக் செய்து மெஷினை ஆன் செய்தால் சரி.

ஆனால் இன்டெலிலிருந்து ஏஎம்டிக்கு ஓட்டத்திலேயே தாவ இது உதவாது. ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு தலைமுறைகளுக்குள் மட்டும்தான். அணைத்துவிட்டு நகர்த்துவதென்றால் இந்த டிக்கே தேவையில்லை.

எல்லா மெஷினுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடாதீர்கள். ஏவிஎக்ஸ் போன்ற, சிபியுவின் புதிய கட்டளைத் தொகுப்புகள் உள்ளே இருக்கும் ஓஎஸ்ஸின் கண்ணுக்கு மறைந்துவிடும். ஃபைல் சர்வருக்குப் பெரிதாகத் தெரியாது. வீடியோ என்கோடிங், கனமான கணக்கீடு ஓடும் மெஷின் மந்தமாகும், சில மென்பொருள் கிளம்பவே கிளம்பாது. விண்டோஸ் சர்வர் 2025 கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சர்வர்களின் குழு) இழப்பு குறைவு: அதிலுள்ள எல்லா சர்வருக்கும் பொதுவான வசதிகளை அதுவே கணக்கிட்டுத் தருகிறது.