மரம் ஏற்றிய லாரி: 1:20 அளவில் வீட்டிலேயே செய்யும் முறை

ஏற்காட்டு மலைப்பாதையில் சில்வர் ஓக் மரம் ஏற்றிக்கொண்டு இறங்கும் லாரியைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். பின்பக்கம் தாழ்ந்திருக்கும். கமான் பட்டைகள் (சக்கர அச்சின் மேல் பாரத்தைத் தாங்கும், அடுக்கடுக்கான வில் போன்ற இரும்புப் பட்டைகள்) வளைவு போய் நேராகியிருக்கும். டயர்கள் தரையைத் தொடும் இடத்தில் லேசாகப் பிதுங்கியிருக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அந்த பாரத்தோடுதான் வண்டி இறங்கி வருகிறது. கடையில் வாங்கும் பொம்மை லாரியில் எத்தனை கட்டைகளை அடுக்கினாலும் இந்த பாரம் தெரியாது. நாம் செய்யப்போகும் மாடலில் அது தெரிய வேண்டும். கேபினைவிட, பெயின்டைவிட, நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். அதனால் சக்கரம், பட்டை, மரக்கட்டை மூன்றையும் விரிவாகச் சொல்கிறேன், மற்றதைச் சுருக்கமாக.

ஏன் 1:20?

கணக்கு சுலபம். நிஜ வண்டியில் எத்தனை சென்டிமீட்டரோ, அதில் பாதிதான் மாடலில் மில்லிமீட்டர். 240 செ.மீ. அகலமுள்ள பாடி 120 மி.மீ. ஆகிவிடும். செய்து முடித்தால் ஏறக்குறைய ஒரு அடி நீளத்துக்குச் சற்று கூடுதலாக வரும். புத்தக அலமாரியில் வைக்கலாம். இதைவிடச் சிறிதாக எடுத்தால் பட்டையும் நட்டும் கைக்கு அடங்காது. முதல் மாடலுக்கு 1:20-ஐயே பரிந்துரைக்கிறேன்.

அளவெடுப்பது

சேலம் கோரிமேடு, அடிவாரம் பக்கம் டீக்கடை ஓரமாக நிற்கும் ஆறு சக்கர லாரி ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணே, மாடல் செய்யணும், வண்டியை நாலு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று டிரைவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். சிலர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவார்கள்.

பக்கவாட்டுப் படத்தைக் கிட்ட நின்று எடுக்கக் கூடாது. முன்சக்கரம் பெரிதாகவும் பின்சக்கரம் சிறிதாகவும் விழுந்துவிடும். முடிந்த அளவு தள்ளி நின்று, வண்டியின் நடுப்பகுதிக்கு நேராக, ஜூம் செய்து எடுங்கள். டயரின் பக்கச் சுவரில் இருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வகை லாரிகளில் 10.00-20 என்று பார்க்கலாம்: டயர் அகலம் 10 அங்குலம், ரிம் விட்டம் 20 அங்குலம். டயரின் மொத்த விட்டம் சுமார் 105 செ.மீ.

இந்த 105 செ.மீ.தான் உங்கள் அளவுகோல். டேப் எட்டாத எதையும் இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பிரின்ட் எடுத்த படத்தில் டயர் 40 மி.மீ., முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 160 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி டயரைப்போல நான்கு மடங்கு. நிஜத்தில் 420 செ.மீ., மாடலில் 210 மி.மீ. இப்படியே கேபின் உயரம், பாடி நீளம், டீசல் டேங்க் எல்லாவற்றையும் எடுத்து, நோட்டுத்தாளில் மாடலின் அளவிலேயே பக்கவாட்டுப் படம் வரைந்துவிடுங்கள். வெட்டும் ஒவ்வொரு துண்டையும் அந்தப் படத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டே ஒட்ட வேண்டும்.

தேவையானவை

3 மி.மீ. சன்போர்டு (விறைப்பான பிளாஸ்டிக் நுரைப் பலகை; ஃபிளெக்ஸ் பேனர் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டு கேட்டால் கிடைக்கும்), பழைய கல்யாணப் பத்திரிகைகள், சைக்கிள் ஸ்போக்ஸ், காலியான பேனா ரீஃபில், பழைய மொபெட் டியூப், அட்டைப்பெட்டி கட்டும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை, மெல்லிய செப்புக் கம்பி, ஐஸ்கிரீம் குச்சிகள், எம்-சீல், ஃபெவிக்விக், ஃபெவிகால், கட்டர், ஸ்டீல் ஸ்கேல், 220, 400 எண் உப்புத்தாள்.

தெர்மாகோல் வேண்டாம். ஃபெவிக்விக்கும் ஸ்பிரே பெயின்டும் பட்டால் கரைந்துவிடும். சன்போர்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கட்டரால் ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காமல் மூன்று நான்கு முறை லேசாகக் கீறி வெட்டுங்கள். விளிம்பு நேராக வரும், விரலும் தப்பும். சிறு பிள்ளைகள் செய்தால் வெட்டும் வேலையைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

சக்கரம்

முதலில் சக்கரத்தைச் செய்யுங்கள். சக்கரம் சரியாக அமைந்துவிட்டால் மற்ற அளவுகள் தாமாகவே அதற்குக் கட்டுப்படும்.

சன்போர்டில் 50 மி.மீ. விட்டமுள்ள வட்டங்கள் வெட்டுங்கள். நான்கை அடுக்கி ஒட்டினால் 12 மி.மீ. கனம். 10 அங்குல டயர் 1:20-இல் 12.7 மி.மீ.; இது போதும். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு நான்கு, ஸ்டெப்னி ஒன்று: மொத்தம் 7 சக்கரம், 28 வட்டம். ஒவ்வொரு சக்கரத்திலும் வெளிப்புற வட்டத்தில் மட்டும் நடுவே 25 மி.மீ. துளை எடுத்துவிட்டு ஒட்டினால், ரிம் உள்ளடங்கித் தெரியும்.

அடுத்து மொபெட் டியூபைக் குறுக்காக 16 மி.மீ. அகல வளையங்களாக நறுக்குங்கள். வளையத்தை இழுத்து வட்ட அடுக்கின் மேல் மாட்டினால் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். இருபுறமும் கூடுதலாக இருக்கும் 2 மி.மீ. ரப்பர் உள்நோக்கிச் சுருண்டு மடங்கும். நிஜ டயரின் தோள் எப்படி உருண்டிருக்குமோ அப்படியே வரும். சன்போர்டை எவ்வளவு தேய்த்தாலும் அந்த உருட்சி கிடைக்காது.

ஒரு நுட்பம்: மாடல் ஓட வேண்டியதில்லை, நின்றால் போதும் என்றால், ரப்பர் மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் 1 மி.மீ. மட்டும் உப்புத்தாளில் தட்டையாகத் தேய்த்துவிடுங்கள். ஸ்டெப்னியைத் தொட வேண்டாம். பாரத்தில் டயர் அமுங்கியிருப்பது இந்த 1 மி.மீ.-இல் தெரிந்துவிடும்.

ரிம்மைக் கவனியுங்கள். முன்சக்கரத்தில் நடுப்பகுதி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பின்பக்கத்து இரட்டை டயரில் அது பள்ளமாக உள்ளே போயிருக்கும். ஒரே வகை ரிம்மைத்தான் திருப்பி மாட்டியிருப்பார்கள். முன்சக்கரத்துக்குத் துருத்தலை எம்-சீலில் செய்துகொள்ளலாம். வீல் நட்டுக்குக் கேழ்வரகு. ஒரு மணி ஒன்றரை மி.மீ. அளவு இருக்கும், நிஜத்தில் 30 மி.மீ. நட்டுக்குச் சமம். போட்டோவைப் பார்த்து எத்தனை நட்டு என்று எண்ணி, ஊசி முனையில் ஃபெவிக்விக் தொட்டு வரிசையாக ஒட்டுங்கள். மேலே பெயின்ட் மூடிவிடுவதால் வண்டு பிடிக்காது.

சேஸிஸ்

லாரி சேஸிஸ் என்பது ஏணி அமைப்பு: நீளவாக்கில் இரண்டு சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள். 12 மி.மீ. அகலத்தில் இரண்டு சன்போர்டு பட்டிகள் வெட்டி, மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் 5 மி.மீ. அகலக் கல்யாணப் பத்திரிகை அட்டையை உட்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டுங்கள். அட்டையில் ஃபெவிக்விக்கை ஊறவிட்டால் பிளாஸ்டிக் போல விறைத்துவிடும். இப்போது இரண்டு சட்டமும் 'ப' வடிவச் சேனலாகத் தெரியும். வாய் உட்பக்கம் பார்த்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைவெளியைப் படத்திலிருந்து எடுங்கள். பின்பக்கம் இரட்டை டயரும் பட்டையும் உட்கார இடம் வேண்டுமென்பதால் சேஸிஸ் குறுகலாகவே இருக்கும். ஐந்தாறு குறுக்குச் சட்டம் போதும். கண்ணாடி மேல் வைத்து ஒட்டினால் முறுக்கிக்கொள்ளாது.

கமான் பட்டை

பட்டை கட்டும் இடத்தில் அவசரமே கூடாது. கறுப்புப் பட்டையை 3.5 மி.மீ. அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். மெயின் பட்டை 70 மி.மீ.; அதற்கு அடியில் ஒவ்வொன்றும் 6 மி.மீ. குறைவாக ஒன்பது பத்து பட்டைகள். விரலால் நீவி எல்லாவற்றுக்கும் லேசான வளைவு கொடுத்து அடுக்குங்கள்.

இந்தப் பிளாஸ்டிக்கில் ஃபெவிக்விக் ஒட்டாது. ஒட்டவும் கூடாது. நிஜப் பட்டைகளும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை; நடுவில் சென்டர் போல்ட்டும் யூ-போல்ட்டும் பிடித்திருக்க, பாரம் ஏறும்போது ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொள்ளும். அதனால் நடுவில் செப்புக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, அச்சோடு சேர்த்துக் கட்டுங்கள். அதுவே யூ-போல்ட்.

மெயின் பட்டையின் இரு முனைகளிலும் சூடாக்கிய ஊசியால் துளை போடுங்கள். முன்முனையைச் சேஸிஸில் ஒட்டிய சிறு பிராக்கெட்டில் குண்டூசியால் நேராகப் பொருத்துங்கள். பின்முனையை அப்படிப் பொருத்தினால் பட்டை அசையாது. வளைவு நேராகும்போது முனைக்கு முனை தூரம் கூடுமல்லவா, அந்தக் கூடுதலுக்கு இடம் வேண்டும். நிஜ வண்டியில் ஷாக்கிள் என்ற தொங்கும் இணைப்பு செய்வது அதைத்தான். 6 மி.மீ. நீள அட்டைத் துண்டில் இரு துளை போட்டு, மேல்துளை சேஸிஸில், கீழ்த்துளை பட்டையில் என்று தொங்கவிடுங்கள். விரலால் சேஸிஸை அழுத்திப் பாருங்கள்: பட்டை நேராகும், ஷாக்கிள் பின்னால் சாயும், கையை எடுத்தால் வண்டி எழும்பும். அதைப் பார்க்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்காகவே இவ்வளவு வேலையும் செய்யலாம்.

அச்சுக்கு ஸ்போக்ஸ், அது தாராளமாகச் சுழலும் ரீஃபில் குழாய் ஒன்று ஹவுசிங் (அச்சை மூடியிருக்கும் கூடு). பின் ஹவுசிங்கின் நடுவில் எம்-சீலை உருண்டையாகப் பிடித்துவைத்தால், பல்சக்கரங்கள் இருக்கும் கிரவுன் பகுதி வந்துவிடும்.

கேபினும் பாடியும்

கம்பெனி கேபினில் வளைவுகள் அதிகம். முதல் மாடலுக்குச் சிரமம். நாமக்கல், சங்ககிரி வட்டாரத்துப் பட்டறைகளில் பாடி கட்டிய பழைய வண்டியைத் தேர்ந்தெடுங்கள். மரச்சட்டமும் தகடும் வைத்து அடித்த கேபின் என்பதால் எல்லாம் நேர்க்கோடு, தட்டையான பக்கங்கள். ஐந்து துண்டு சன்போர்டில் முடிந்துவிடும். முன் கண்ணாடிக்கு ஓ.எச்.பி. ஷீட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) அல்லது சட்டைப் பெட்டியின் மூடி.

பாடித் தளத்துக்கு ஐஸ்கிரீம் குச்சிகளைக் குறுக்காக அடுக்குங்கள். மரம் ஏற்றும் வண்டி என்பதால் பக்கத்துக்கு நான்கு செங்குத்துக் கம்பிகளை ஸ்போக்ஸிலேயே வைத்துவிடலாம்.

பெயின்ட்

பிரைமர் ஒரு கோட், 400-ஆம் எண் உப்புத்தாள், அதன்பின் மெல்லிய கோட்டாக இரண்டு முறை எனாமல். நம்பர் பிளேட் மஞ்சளில் கறுப்பு எழுத்து. சேலம் மேற்கு என்றால் டி.என். 30, சங்ககிரி என்றால் டி.என். 52. யாருடைய வண்டி எண்ணாகவும் அமைந்துவிடாமல் இருக்க, மீதி எண்ணை 0000 என்று போடுங்கள்.

மரக்கட்டை

சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக் கொடி ஏற்றவும் வளர்க்கிறார்கள். மாடலுக்கு சில்வர் ஓக் குச்சியையே எடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் இளங்கிளையின் பட்டை வழுவழுப்பாக இருக்கும், முதிர்ந்த மரத்தின் வெடிப்புகள் அதில் இருக்காது. காபிச் செடியின் கவாத்துக் குச்சி பொருத்தமானது. சாம்பல் கலந்த நிறம், மெல்லிய நீள வெடிப்புகள். 1:20-இல் பார்க்க அசல் சில்வர் ஓக்தான். அறுவடை முடிந்து கவாத்து நடக்கும் சமயத்தில் தோட்டத்தில் கேட்டால் தருவார்கள். துளை விழுந்த குச்சியை எடுக்காதீர்கள். உள்ளே வெள்ளைத் தண்டு துளைப்பான் இருக்கலாம். 

நான்கடிச் சுற்றளவு மரம் என்றால் விட்டம் ஏறக்குறைய 39 செ.மீ.; குச்சி 19 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். 12 அடி நீளம் 183 மி.மீ. ஆகும். பத்துப் பன்னிரண்டு கட்டை போதும், தடிமன் கலந்து இருக்கட்டும். நிழலில் நன்றாகக் காயவிட்ட பிறகே அளவுக்கு அறுங்கள். பச்சையாக அறுத்தால் பட்டை சுருங்கிக் கழன்றுவிடும். அறுத்த முகத்தைத் தேய்த்து, டீ டிகாஷனை ஒருமுறை தடவினால் புதிதாக வெட்டிய மரத்தின் செம்பழுப்பு வரும்.

அடுக்கும்போது தடித்த கட்டைகள் அடியிலும் ஓரத்திலும். ஒன்றின் தூர்ப்பக்கம் முன்னால் இருந்தால் அடுத்ததன் தூர் பின்னால். அப்படி மாற்றி மாற்றி வைத்தால்தான் பாரம் ஒரே மட்டமாக இருக்கும். ஆட்கள் மரம் ஏற்றும் காட்சியையும் சேர்க்க ஆசை என்றால், பாடியின் ஓரத்தில் இரண்டு சாய்மரம் சாத்துங்கள். கயிற்றின் ஒரு முனையை வண்டியில் கட்டி, கட்டைக்கு அடியில் கொடுத்துச் சுற்றி, மறுமுனையை எதிர்ப்பக்கம் கொண்டுபோங்கள். அங்கே நின்று இழுத்தால் கட்டை உருண்டு ஏறும். கட்டை ஒரு அடி நகரக் கயிறு இரண்டு அடி வர வேண்டும். அதனால் இழுவிசை பாதிதான். நூலை வைத்து மேஜையிலேயே செய்து பார்க்கலாம்.

கட்டுவதற்கு 1 மி.மீ. பருத்திக் கயிறும் மெல்லிய சங்கிலியும். சேலம் செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றிக் கொலுசு வேலை நடக்கும் ஊரில் சங்கிலிக்குப் பஞ்சமில்லை. ஃபேன்சி கடையில் கிடைக்கும் மலிவான கவரிங் துண்டே போதும். கயிற்றுக்கு இடையில் ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்கி இறுக்கி, குச்சியைப் பக்கத்துக் கம்பியோடு கட்டிவிடுங்கள்.

இப்போது பக்கத்திலிருந்து பாருங்கள். பின்பட்டை கிட்டத்தட்ட நேராக வந்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வளைந்து தொங்கினால் பக்கத்துக்கு இரண்டு பட்டை கூட்டுங்கள். இன்னும் வில்லாக நின்றால் ஒன்று குறையுங்கள். ஒரு கணக்கு சொல்கிறேன்: நீளம் 20 மடங்கு குறைந்தால் கனஅளவு 8,000 மடங்கு குறையும். 2018-இல் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தினார்கள். அதை 8,000-ஆல் வகுத்தால் 2.3 கிலோ. நம் மாடல் அவ்வளவு கனக்காது. சேஸிஸுக்குள் ஈயத் துண்டோ பழைய நட்டுகளோ ஒட்டி எடை கூட்டலாம். அப்போது பட்டைகளின் எண்ணிக்கையும் கூட வேண்டும்.

பிளாஸ்டிக் பட்டை மாதக்கணக்கில் பாரத்தில் இருந்தால் நிரந்தரமாக அமுங்கிவிடும். அலமாரியில் வைக்கும்போது பின் ஹவுசிங்குக்கும் சேஸிஸுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாதபடி, சரியான உயரத்தில் ஒரு சன்போர்டு துண்டைச் செருகி வையுங்கள். வண்டியை ஓட்டிக் காட்டும்போது மட்டும் அதை உருவிக்கொள்ளலாம்.