6 வோல்ட் டைனமோவை 12 வோல்ட்டுக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காரை 12 வோல்ட்டுக்கு மாற்ற நினைப்பவர்கள் பேட்டரியையும் பல்புகளையும் மாற்றினால் வேலை முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் தொடங்குகிறார்கள். கருகல் வாடை வந்த பிறகே, எஞ்சினோடு சுற்றி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோ பக்கம் பார்வை போகிறது. கார் கம்பெனிகள் இதே மாற்றத்தைச் செய்தபோது (செவர்லே 1955 மாடலில், ஃபோர்டு 1956 மாடலில்) டைனமோ, அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், இக்னிஷன் காயில், செல்ஃப் மோட்டார் எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்றின. வீட்டில் செய்யும்போது அந்த செட்டைப் பிரித்துவிடுவதால்தான் பெரும்பாலான தொல்லைகள் வருகின்றன.

தேவையே இல்லாமல் மாற்றுவது

"ஹெட்லைட் மங்கலாக எரிகிறது, செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது." மாற்றத்துக்குச் சொல்லப்படும் காரணம் எப்போதும் இந்த இரண்டுதான். இரண்டு 45 வாட் பல்புகள் 6 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும். வழியில் துருப்பிடித்த இணைப்புகளில் 1 வோல்ட் தொலைந்தால் பல்புக்கு 5 வோல்ட்தான் கிடைக்கும். பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜ் குறைவதைவிட வெகு வேகமாக விழும் என்பதால், அந்த ஒரு வோல்ட்டில் கிட்டத்தட்டப் பாதி வெளிச்சம் போய்விடும்.

ஆகவே முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, பேட்டரியின் லைவ் முனைக்கும் பல்பின் லைவ் முனைக்கும் நடுவே எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று பாருங்கள். பிறகு பல்பின் எர்த்துக்கும் (கார் உடலோடு இணைந்த பக்கம்) பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே பாருங்கள். இரண்டையும் கூட்டி அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் பிரச்சினை வயரிங்கில் இருக்கிறது, டைனமோவில் இல்லை. பல கார்களில் யாரோ எப்போதோ 12 வோல்ட் காருக்கான மெல்லிய பேட்டரி கேபிளைப் போட்டு வைத்திருப்பார்கள். தடித்த கேபிள், சுரண்டிச் சுத்தம் செய்த எர்த், ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலே, இவ்வளவு போதும் என்றால் 6 வோல்ட்டிலேயே இருந்துவிடலாம். என்னைக் கேட்டால், பாதிப் பேருக்கு மாற்றமே தேவையில்லை.

பழைய ரெகுலேட்டரை அப்படியே விடுவது

இருப்பதிலேயே ஆபத்தான தவறு இது. 6 வோல்ட் ரெகுலேட்டர் டைனமோவை 7 வோல்ட்டை ஒட்டியே கட்டிவைக்கும். அதற்குள் இருக்கும் கட்அவுட் என்ற தானியங்கி சுவிட்ச், டைனமோ ஆறரை வோல்ட்டைத் தொட்டதும் அதைப் பேட்டரியோடு இணைத்துவிடும். இப்போது அந்தப் பக்கம் 12 வோல்ட் பேட்டரி. கரண்ட் பேட்டரியிலிருந்து டைனமோவுக்குத் திரும்பிப் பாயும். திரும்பிப் பாயும் கரண்ட் கட்அவுட்டைத் திறக்கும், திறந்ததும் அது மறுபடி மூடும். இப்படிப் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் அதன் பாயிண்டுகள் (தொடுமுனைகள்) ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு பேட்டரி முழுக் கரண்டையும் டைனமோவுக்குள் சுற்றும் சுருளான ஆர்மேச்சர் வழியாகத் தள்ளும். எஞ்சினை நிறுத்தினாலும் அது நிற்காது.

ரெகுலேட்டர் வாங்கும்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் மட்டும் பார்த்தால் போதாது. டைனமோவுக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயிலின் ஒரு முனை உள்ளேயே எர்த் ஆகியிருந்தால் ரெகுலேட்டர் அதற்கு லைவ் கொடுக்க வேண்டும். அமெரிக்க வழக்கில் இது பி வகை. ஃபோர்டு, லூகாஸ் டைனமோக்கள் இப்படி. காயில் உள்ளேயே ஆர்மேச்சர் லைவோடு இணைந்திருந்தால், ரெகுலேட்டர் அதன் மறுமுனையை எர்த் செய்து கட்டுப்படுத்தும். இது ஏ வகை. டெல்கோ ரெமி பெரும்பாலும் இப்படி. ஒன்றுக்கு மற்றதை மாட்டினால் ஒன்று சார்ஜே ஏறாது, அல்லது ரெகுலேட்டர் பாயிண்டுகள் கருகும்.

ஃபீல்டு காயிலை மறப்பது

"டைனமோ வேகமாகச் சுற்றினால் 12 வோல்ட் தானாக வருமே, 12 வோல்ட் ரெகுலேட்டர் போட்டால் போதாதா?" என்று கேட்பார்கள். வரும், அது உண்மைதான். ஆனால் ஃபீல்டு காயில் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். காயிலின் தடை 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 7 வோல்ட்டில் அது 2.3 ஆம்பியர் எடுக்கும், வெப்பம் 16 வாட். 14 வோல்ட்டில் 4.7 ஆம்பியர், வெப்பம் 65 வாட். வோல்ட் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. நெடுஞ்சாலையில் ரெகுலேட்டர் ஃபீல்டை அவ்வப்போது வெட்டிக்கொண்டே இருப்பதால் தப்பிக்கும். விளக்குகளைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஊர்ந்து போகும்போதுதான் ஃபீல்டு முழுதாக ஏறி நிற்கும். காயிலின் இன்சுலேஷன் உருகுவதும், ரெகுலேட்டர் பாயிண்டுகள் தாங்க முடியாமல் எரிவதும் அப்போதுதான்.

சரியான வழி, 12 வோல்ட்டுக்கான ஃபீல்டு காயில்களை மாற்றுவது. அவற்றில் சுற்று இரண்டு மடங்கு, கம்பி மெலிது, தடை சுமார் நான்கு மடங்கு. அது கிடைக்காவிட்டால் ஃபீல்டு வயரில் வரிசையாக ஒரு ரெசிஸ்டர் போடலாம். மேலே சொன்ன காயிலுக்கு 3 ஓம் ரெசிஸ்டர். அதிலும் 16 வாட் வெப்பம் வெளியாகும் என்பதால் குறைந்தது 25 வாட் தாங்குவதாக, காற்றுப்படும் இடத்தில், பிளாஸ்டிக்கும் வயரும் தொடாதபடி இருக்க வேண்டும்.

ஆர்மேச்சரும் ஆம்பியரும்

ஃபீல்டை மட்டும் மாற்றி ஆர்மேச்சரை விட்டுவிட்டால், சார்ஜ் ஏறத் தொடங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஐடிலிங்கிலும் நெரிசலிலும் சார்ஜ் லைட் அணையாது. இதற்குப் புல்லியைச் சின்னதாக்குவது ஒரு குறுக்குவழி. கிராங்க் புல்லி 15 செ.மீ., டைனமோ புல்லி 10 செ.மீ. என்றால், எஞ்சின் 4000 சுற்றில் டைனமோ 6000 சுற்று ஓடும். புல்லியை 8 செ.மீ. ஆக்கினால் 7500. இந்தக் கணக்கைப் போடாமல் புல்லியை மாற்றுகிறவர்கள்தான் ஆர்மேச்சர் கம்பி கம்யூட்டேட்டரை (கம்பி முனைகள் இணைந்திருக்கும் செம்பு வளையம்) விட்டுப் பிய்ந்து வெளியே வருவதைப் பார்க்கிறார்கள்.

ஆர்மேச்சரையும் ரீவைண்டிங் செய்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் புதுக் கம்பி மெலிது, அது தாங்கும் கரண்டும் ஏறக்குறைய பாதிதான். முன்பு 30 ஆம்பியர் தந்த டைனமோ இப்போது 15-க்குத்தான் தகுதி. அதற்குப் போய் 30 ஆம்பியர் ரெகுலேட்டரை மாட்டினால் ரீவைண்டிங் காசு வீண். ரீவைண்டிங் செய்தவரிடமே எத்தனை ஆம்பியர் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்மேச்சரை மாற்றாதவர்களும் ரெகுலேட்டரின் எல்லையை 20 ஆம்பியர் பக்கம் வைத்தால் நல்லது. 14 வோல்ட்டில் அது 280 வாட், பழைய 30 ஆம்பியரின் 210 வாட்டைவிட அதிகம்தான்.

இதையெல்லாம்விட, உங்கள் டைனமோவை உருவாக்கிய அதே கம்பெனி அதே அளவு உடலில் 12 வோல்ட் டைனமோவும் செய்திருந்தால், அதைத் தேடிப் பிடித்து மாட்டுவது மேல். பிரிட்டிஷ் கார்களில் வந்த லூகாஸ் சி40 போன்றவை 12 வோல்ட்டில் 22 ஆம்பியர் தரும். வெளித்தோற்றத்திலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

எர்த்தும் காந்தமும்

டைனமோவின் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத் திசைதான் எந்த முனை பாசிட்டிவ் என்பதைத் தீர்மானிக்கிறது. கழற்றிப் பூட்டினாலோ, பாசிட்டிவ் எர்த் காரை (பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடலோடு இணைந்த கார்) நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினாலோ அந்தத் திசையைப் புதிதாக ஏற்ற வேண்டும். லூகாஸ் டைனமோ என்றால் டி (ஆர்மேச்சர்), எஃப் (ஃபீல்டு) இரண்டு வயர்களையும் டைனமோவிலிருந்து கழற்றிவிட்டு, பேட்டரியின் லைவ் முனையிலிருந்து ஒரு வயரை எஃப் முனையில் ஓரிரு நொடி தொட்டு எடுங்கள். சின்னப் பொறி பறக்கும், அவ்வளவுதான். ஏ வகையில் முறை வேறு: வயர்கள் மாட்டியபடியே ரெகுலேட்டரின் பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் கணநேரம் இணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் எஞ்சினை ஓட்டினால் டைனமோ தலைகீழாக வோல்ட் எழுப்பி கட்அவுட் பாயிண்டுகளை ஒட்டவைத்துவிடும். ஆல்டர்னேட்டர் மாட்டியிருந்தால் மட்டும் இந்த வேலையைச் செய்யவே கூடாது, டையோடு போய்விடும்.

ரெகுலேட்டர் உடலின் எர்த்தும் முக்கியம். பளபளவென்று புது பெயிண்ட் அடித்த தகட்டில் அதைத் திருகிவிட்டு எர்த் கிடைக்கும் என்று நம்புவார்கள். எர்த்தில் கொஞ்சம் தடை இருந்தாலும் ரெகுலேட்டர் சுருளுக்குக் குறைவான வோல்ட்தான் தெரியும், அது பேட்டரிக்கு அளவு மீறி ஏற்றிக்கொண்டே போகும். டைனமோ உடலிலிருந்து ரெகுலேட்டர் உடலுக்குத் தனியாக ஒரு வயர் இழுத்துவிடுங்கள். ரேடியோ இரைச்சலுக்காக வைக்கும் கண்டென்சரை ஆர்மேச்சர் முனையில் வையுங்கள். ஃபீல்டு முனையில் வைத்தால் ரெகுலேட்டர் பாயிண்டுகள் கெடும்.

மற்றவை

பழைய வயரிங் 12 வோல்ட்டுக்குத் தாராளம், ஏனென்றால் கரண்ட் பாதியாகிறது. துணி இன்சுலேஷன் உதிர்ந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். இக்னிஷன் காயில் 12 வோல்ட்டுக்கானதாக வேண்டும், அல்லது பழைய காயிலோடு வரிசையாக வோல்ட்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் வேண்டும். இண்டிகேட்டர் ஃபிளாஷர் கட்டாயம் மாறும். அம்மீட்டரை மாற்ற வேண்டாம், எர்த் திசை மாறினால் அதன் இரண்டு வயர்களையும் இடம் மாற்றினால் போதும். பெட்ரோல் கேஜுக்கு வோல்ட் குறைப்பான் தேவை. 6 வோல்ட் செல்ஃப் மோட்டார் 12 வோல்ட்டில் பெரும்பாலும் ஓடிவிடும், ஆனால் பெண்டிக்ஸ் (எஞ்சினின் பல்சக்கரத்தோடு சேரும் செல்ஃபின் பல்சக்கரம்) பலமாக மோதும், சொலினாய்டு சூடேறும். நீளமாக அழுத்திப் பிடிக்காதீர்கள்.

பழைய ரேடியோவுக்காக 12 வோல்ட் பேட்டரியின் நடுவிலிருந்து 6 வோல்ட் இழுக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். பாதி செல்களில் சார்ஜ் குறைந்துகொண்டே போகும், மறுபாதி அளவு மீறி ஏறும். தனியாக ஒரு கன்வெர்ட்டர் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் மாட்டிய பிறகு எஞ்சினைக் கால் மணி நேரம் சூடாக்கி, ரெகுலேட்டர் மூடியைப் போட்டபடியே பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 13.8-க்கும் 14.4-க்கும் இடையே நிற்க வேண்டும். சோதனைக்காகப் பேட்டரியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அது வேண்டாம். அப்புறம் ஹெட்லைட்டைப் போட்டுப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு டைனமோ மேல் கையை வையுங்கள். சூடு இருக்கத்தான் செய்யும், ஆனால் வார்னிஷ் வாடை வந்தால் அந்த நொடியே எஞ்சினை நிறுத்தி ஃபீல்டு கரண்டை அளக்க வேண்டும்.