எக்ஸ்வி6 கெர்னலில் கம்பைல் நேர ஃபிளாக்குகளை அமைக்கும் முறை

எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவதற்காக உருவாக்கப்பட்ட எக்ஸ்வி6 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி), வசதிகளைத் தேர்ந்தெடுக்க லினக்ஸில் இருப்பதுபோன்ற கேகான்ஃபிக் ஏற்பாடு கிடையாது. ஒரு வசதியைச் சேர்க்கவோ நீக்கவோ ஹெடர் கோப்பையும் (பொது வரையறைகள் கொண்ட .h கோப்பு) மேக்ஃபைலையும் (கம்பைல் செய்யும் மேக் கருவிக்கான விதிகள் கொண்ட கோப்பு) நாமேதான் திருத்த வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் என்ற செயலி வகைக்கான அதன் பதிப்பில், சிஸ்டம் கால் (நிரல்கள் கெர்னலிடம் விடுக்கும் வேண்டுகோள்) ஒவ்வொன்றையும் திரையில் அச்சிடும் வசதியை ஒரு ஃபிளாக்கின் கீழ், அதாவது கம்பைல் செய்யும்போதே இயக்கவோ அணைக்கவோ கூடிய ஒரு மதிப்பின் கீழ், கொண்டுவருவதை எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேக்ஃபைலில் 3 என்று கொடுக்கப்பட்டிருக்கும் சிபியூஸ் என்ற மதிப்பு, எக்ஸ்வி6-ஐ இயக்கும் போலிக் கணினியான கியூஈமுவுக்குத்தான் போகிறது. கெர்னலின் குறிமுறையை அது மாற்றுவதில்லை. பாராம்.ஹெச் கோப்பில் 8 என்றிருக்கும் என்சிபியூ-வே கெர்னலுக்குள் கம்பைல் ஆகிறது. நாம் அமைக்கப்போவது இந்த இரண்டாம் வகை.

கெர்னல் கோப்புறையில் கான்ஃபிக்.ஹெச் என்ற கோப்பை உருவாக்கி, ட்ரேஸ்_சிஸ்கால் என்ற மேக்ரோவை (கம்பைலுக்கு முன் மதிப்பால் மாற்றப்படும் பெயர்) 0 என வரையறுக்கவும். வரையறுப்பதா வேண்டாமா என்பதையே ஃபிளாக்காகக் கொள்ளாமல், எப்போதும் 0 அல்லது 1 என்ற மதிப்பைக் கொடுப்பதே நல்லது. ப்ரீப்ராசஸரின் (கம்பைலுக்கு முன் குறிமுறையைத் தயார்செய்யும் பகுதி) இஃப்டெஃப் கட்டளை, பெயர் வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பதால், 0 என்று எழுதி வசதியை அணைத்துவிட்டதாக நாம் நினைத்திருக்க, அது இயங்கிக்கொண்டே இருக்கும். அதன் இஃப் கட்டளையிலும் ஒரு பொறி உண்டு: பெயரை ஓர் எழுத்து தவறாக எழுதினால், கம்பைலர் அதைச் சத்தமில்லாமல் 0 என எடுத்துக்கொள்ளும். ஆகவே கம்பைலருக்கான தேர்வுகளைத் தரும் மேக்ஃபைலின் சிஃபிளாக்ஸ் வரியில், வரையறுக்கப்படாத பெயரைச் சுட்டும் டபிள்யூஅன்டெஃப் எச்சரிக்கையைச் சேர்க்கவும். எச்சரிக்கைகளைப் பிழைகளாக்கும் டபிள்யூஎரர் ஏற்கெனவே அங்கே இருப்பதால், அத்தகைய பிழை கம்பைலையே நிறுத்திவிடும்.

ஃபிளாக்கை மேக் கட்டளையோடு கொடுக்கலாமே என்று தோன்றும். நான் அப்படிச் செய்து ஒரு மாலை முழுவதையும் இழந்திருக்கிறேன். ஹெடர் மாறினால் அதைச் சார்ந்த கோப்புகளை மேக் மீண்டும் கம்பைல் செய்யும்; கட்டளை வரி மாறினால் அதற்குத் தெரியாது. ப்ராக்.ஹெச் கோப்பில், இயங்கும் நிரல் ஒவ்வொன்றின் விவரத்தையும் வைத்திருக்கும் ப்ராக் ஸ்ட்ரக்டில் ஃபிளாக்கைப் பொறுத்த ஓர் உறுப்பைச் சேர்த்திருந்தேன். ஒரு கோப்பு புதிய அமைப்போடும் மற்றொன்று பழைய அமைப்போடும் கம்பைல் ஆகியிருக்க, தொடர்பே இல்லாத இடத்தில் கெர்னல் பானிக் ஆகி நின்றது. கட்டளை வரியில்தான் கொடுப்பேன் என்பவர்கள் ஒவ்வொரு மாற்றத்திற்கும் முன் மேக் கிளீன் செய்து பழைய கம்பைல் கோப்புகளை நீக்க வேண்டும்.

கெர்னலுக்குள் நுழையும்போது பயனர் நிரலின் பதிவகங்களை (செயலியின் உள் நினைவிடங்கள்) சேமிக்கும் ட்ராப்ஃபிரேம் ஸ்ட்ரக்டின் இடையில் அத்தகைய உறுப்பை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அந்த நுழைவைக் கையாளும் ட்ராம்போலின் அசெம்பிளிக் கோப்பு அதன் உறுப்புகளைப் பெயரால் அல்லாமல் எண்களாலேயே அணுகுகிறது. ஏ0 பதிவகம் 112-ஆவது பைட்டில் இருக்கும் என்று அங்கே நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நிரலிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பயன்படும் கான்டெக்ஸ்ட் ஸ்ட்ரக்டுக்கும் ஸ்விட்ச் அசெம்பிளிக் கோப்புக்கும் இதே உறவுதான்.

இனி சிஸ்கால்.சி கோப்பில் கான்ஃபிக்.ஹெச்சை இன்க்ளூட் செய்து, ஏ7 பதிவகத்திலிருந்து சிஸ்டம் காலின் எண் எடுக்கப்பட்ட பின், அந்த சிஸ்டம் கால் அழைக்கப்படுவதற்கு முன், அச்சிடும் ஸ்டாட்டிக் ஃபங்ஷனை அழைக்கவும். நிரலை முடிக்கும் எக்ஸிட் அழைப்பு திரும்பி வராது என்பதால் பின்னால் வைத்தால் அது பதிவாகாது. இந்த அழைப்பை ப்ரீப்ராசஸரின் இஃப்பால் அல்லாமல் சி மொழியின் சாதாரண இஃப்பால் சூழ்வதே என் பரிந்துரை: மதிப்பு 0 ஆக இருக்கும்போதும் கம்பைலர் உள்ளிருக்கும் குறிமுறையைச் சரிபார்க்கும், ஆப்டிமைசர் அதை நீக்கிவிடும். ரைட் அழைப்பின் எண்ணான 16-ஐ மட்டும் அச்சிடாமல் விட்டுவிடவும். பயனர் நிரல்களின் பிரின்ட்எஃப் எழுத்துக்கு ஒருமுறை ரைட்டை அழைப்பதால், இல்லையெனில் முதல் பயனர் நிரலான இனிட்டின் முதல் செய்தியே திரையில் சிதறிப்போகும்.

மதிப்பை 1 ஆகவும் 0 ஆகவும் மாற்றி இருமுறை கம்பைல் செய்து, ஒவ்வொரு முறையும் உருவாகும், கெர்னலின் அசெம்பிளி வடிவமான கெர்னல்.ஏஎஸ்எம் கோப்பில் உங்கள் ஃபங்ஷனின் பெயரைத் தேடுங்கள். 1 இருந்தபோது, பெயரோ அல்லது சிஸ்கால் ஃபங்ஷனுக்குள்ளேயே சேர்க்கப்பட்ட அதன் பிரின்ட்எஃப் அழைப்போ தென்படும். 0 இருக்கும்போது, இடையிடையே காட்டப்படும் சி மூல வரிகளில் பெயர் தென்பட்டாலும், அசெம்பிளிக் கட்டளைகளில் இரண்டும் இருக்கக் கூடாது.