ஜாக் இல்லாத போனில் வயர் ஹெட்போன்: சரியான கன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

நல்ல வயர் ஹெட்போன் ஒன்று பத்து வருடம் உழைக்கும். காது மெத்தை கிழிந்தால் மாற்றலாம். வயர் அறுந்தால் பற்றவைக்கலாம். அப்படிப்பட்ட பொருளைச் செருக இடமில்லாத போன்களைத்தான் இன்று அதிக விலைக்கு விற்கிறார்கள். 2016 செப்டம்பரில் ஐபோன் 7 வந்தபோது ஆப்பிள் 3.5 மி.மீ. ஜாக்கை நீக்கியது. அதற்கு ‘துணிச்சல்’ என்று மேடையில் பெயர் வைத்தார் அந்நிறுவனத்தின் பில் ஷில்லர். அதே மேடையில்தான் 159 டாலர் விலையில் ஏர்பாட்ஸும் அறிமுகமானது. 2017-இல் விளம்பரம் எடுத்து இதைக் கிண்டல் செய்த சாம்சங், 2019 ஆகஸ்டில் நோட் 10-இல் தானும் ஜாக்கை எடுத்துவிட்டது. 2021 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்21-இல் மெமரி கார்டு இடமும் போய்விட்டது, பெட்டியில் சார்ஜரும் இல்லை.

எடுத்துவிட்ட ஜாக்கை நாம் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் கையில் இருக்கும் ஹெட்போனைத் தூக்கிப் போட வேண்டியதும் இல்லை. போனின் சார்ஜ் துளையில் ஹெட்போனை இணைத்துத்தரும் சரியான கன்வெர்ட்டர் ஒன்று போதும். சிக்கல் என்னவென்றால், கடையில் ஒரே மாதிரி தோற்றத்தில் தொங்கும் கன்வெர்ட்டர்களில் பாதி உங்கள் போனில் வேலையே செய்யாமல் போகலாம். ஏன் என்று தெரிந்துகொண்டு வாங்கினால் பணம் வீணாகாது.

முதலில் தெரிய வேண்டியது: சிப் உள்ளதா, இல்லாததா?

போனுக்குள் பாட்டு எண்களாகத்தான் இருக்கிறது. காதில் கேட்க வேண்டுமானால் அதை மின்னலையாக மாற்ற வேண்டும். அதைச் செய்யும் சிப்பின் பெயர் டிஏசி. ஜாக் இருந்த காலத்தில் இந்த வேலை முழுவதும் போனுக்குள்ளேயே நடந்தது. டைப்-சி போன்களில் இது இரண்டு விதமாக நடக்கிறது.

ஒன்று, போனே மின்னலையை உருவாக்கி டைப்-சி வழியாக வெளியே விடும். டைப்-சி முனையில் 24 பின்கள் உண்டு. கன்வெர்ட்டரில் உள்ள மின்தடை ‘நான் ஆடியோ வயர்’ என்று போனுக்குச் சைகை காட்டும்; உடனே போன், வழக்கமாகத் தகவல் போகும் இரண்டு பின்கள் வழியாக இடது, வலது ஒலியை அனுப்பும். இந்தக் கன்வெர்ட்டருக்குள் சிப் எதுவும் கிடையாது, வெறும் வயர்தான். அதனால் விலை மிகக் குறைவு. ஹுவாவே பி20, ஷாவ்மியின் மி 6 போன்ற சில போன்கள் இந்த வகை.

இன்னொன்று, போன் எண்களை அப்படியே அனுப்பும். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் குட்டி டிஏசி அதை ஒலியாக மாற்றும். கூகுள் பிக்ஸல், சாம்சங் நோட் 10, எஸ்20, அவற்றுக்குப் பின் வந்த உயர்விலை கேலக்ஸிகள், ஐபோன் 15 முதல் வந்த ஐபோன்கள் எல்லாமே இந்த வகை. இவற்றில் சிப் இல்லாத கன்வெர்ட்டரைச் செருகினால் பாட்டு போன் ஸ்பீக்கரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். சில போன்கள் ‘அனலாக் ஆடியோ துணைக்கருவி, இதனுடன் பொருந்தாது’ என்ற பொருளில் அறிவிப்பும் காட்டும். கன்வெர்ட்டர் கெட்டுப்போனது என்று நினைத்து அடுத்த கடையில் அதே வகையை மறுபடி வாங்குபவர்கள் நிறைய. பொருள் கெடவில்லை, வகைதான் தவறு.

ஆகவே ஒரே விதி: உங்கள் போன் எந்த வகை என்று தெரியாவிட்டால் டிஏசி சிப் உள்ளதையே வாங்குங்கள். அது பெரும்பாலான போன்களில் ஓடும், மடிக்கணினியிலும் ஓடும். சிப் இல்லாததற்கு அந்த வசதி கிடையாது.

கடையிலேயே சோதிப்பது எப்படி

பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஹெட்போனைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

1. முதலில் ஹெட்போனைக் கன்வெர்ட்டரில் செருகி, பிறகு கன்வெர்ட்டரைப் போனில் செருகுங்கள். இந்த வரிசை முக்கியம். ஆப்பிளின் டைப்-சி கன்வெர்ட்டர் போன்றவை ஹெட்போன் செருகப்படாதவரை தம்மை வெளிக்காட்டிக்கொள்ளாது.

2. பாட்டு ஓடவிட்டு, ஒலியைப் பாதிக்கு மேல் ஏற்றிப் பாருங்கள்.

3. ஒரு போன் கால் செய்து பேசிப் பாருங்கள். சில கன்வெர்ட்டர்களில் ஒலி வெளியே வரும், ஆனால் மைக்கின் ஒலி உள்ளே போகாது. மைக்குக்கு எதிர்த்திசையில் மாற்றும் சுற்றும் வேண்டும். விலையைக் குறைக்க முதலில் வெட்டுவது அதைத்தான்.

4. வயரிலுள்ள பட்டனை அழுத்திப் பாட்டு நிற்கிறதா என்று பாருங்கள்.

சிப் இருக்கிறதா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் டைப்-சி உள்ள மடிக்கணினியில் ஹெட்போனோடு சேர்த்துச் செருகுங்கள். ஒலிக் கருவிகளின் பட்டியலில் புதிய பெயர் ஒன்று தோன்றினால் சிப் உண்டு. எதுவும் தோன்றாவிட்டால் அது வெறும் வயர்.

செருகியும் சத்தம் வரவில்லையா?

ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ், விவோ போன்களில் பலருக்கும் வரும் தொல்லை இது. இவற்றில் பல மாடல்களில் ஓடிஜி இணைப்பு என்று தனி அமைப்பு உண்டு. அது அணைந்திருந்தால் டிஏசி கன்வெர்ட்டருக்கு மின்சாரமே போகாது. செட்டிங்ஸில் மேலே உள்ள தேடல் பெட்டியில் ஓடிஜி என்று தேடி அதை இயக்குங்கள். பத்து நிமிடம் பயன்படுத்தாமல் இருந்தால் அது தானாகவே அணைந்துவிடும். எனவே ‘நேற்று வேலை செய்தது, இன்று இல்லை’ என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து வைத்திருப்பவர்கள், அதில் யுஎஸ்பி ஆடியோ ரூட்டிங்கை முடக்கும் அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இயக்கத்தில் இருந்தால் ஒலி தானாகக் கன்வெர்ட்டருக்குப் போகாது.

இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் துளையைப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சு டைப்-சி துளையின் அடியில் மெத்தைபோல் அமுங்கிக் கிடக்கும். சார்ஜர் எப்படியோ தொட்டுவிடும், கன்வெர்ட்டர் ஆடும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் ஓரமாக மெல்லச் சுரண்டி எடுங்கள். ஊசியோ சேஃப்டி பின்னோ வேண்டாம்: டைப்-சி துளையின் நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு உடைந்தால் சார்ஜும் போய்விடும்.

சத்தம் வருகிறது, ஆனால் மிகக் குறைவு

ஆப்பிளின் டைப்-சி கன்வெர்ட்டர் விலைக்கு மிக நல்ல பொருள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரமுள்ள ஒலி வரை கையாளும். ஐபோன் 15-க்கும் மடிக்கணினிக்கும் தயங்காமல் வாங்கலாம். ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அதன் சத்தம் பாதிகூட வராது. கன்வெர்ட்டருக்குள் தனியாக ஓர் ஒலியளவு உண்டு. ஆண்ட்ராய்டு அதை முழுதாக ஏற்றாமல் விட்டுவிடுகிறது. நீங்கள் போனில் எவ்வளவு ஏற்றினாலும் அந்த உள் அளவு அசையாது. யுஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ போல டிஏசி-யோடு நேரடியாகப் பேசும் செயலியில் பாட்டை ஓடவிட்டால் முழுச் சத்தம் வரும், ஆனால் யூடியூபுக்கு அது உதவாது. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் வேறு தயாரிப்பை நாடுவதே நல்லது.

இதே கன்வெர்ட்டரில் இரண்டு மாடல்கள் உண்டு. ஏ2049 என்பது முழு ஒலியளவில் சுமார் 1 வோல்ட் தரும். ஐரோப்பாவுக்கான ஏ2155, அங்குள்ள ஒலி வரம்பு விதிகளால் அதில் பாதிதான் தரும். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வரும்போது மாடல் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹெட்போனின் மின்தடையும் கணக்கில் வரும். 1 வோல்ட்டில் 32 ஓம் ஹெட்போனுக்குச் சுமார் 31 மில்லிவாட் கிடைக்கும், அது தாராளம். 300 ஓம் ஸ்டுடியோ ஹெட்போனுக்குக் கிடைப்பது சுமார் 3.3 மில்லிவாட்தான். அதற்கு அதிக வோல்ட் தரும் தனி டிஏசி-ஆம்ப் (டிஏசி-யும் ஒலியைப் பெருக்கும் சுற்றும் சேர்ந்த கருவி) வேண்டும். சிறு கன்வெர்ட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பாட்டில் குரல் மட்டும் காணாமல் போனால்

இசை கேட்கும், பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கும். வயரிலுள்ள மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பிவரும். இதற்குக் காரணம் ஹெட்போன் பின்னின் அமைப்பு. மைக் உள்ள பின்னில் நான்கு உலோகப் பகுதிகள் உண்டு: நுனி இடது, அடுத்தது வலது. மீதி இரண்டில் எது மைக், எது எர்த் என்பதில் சிடிஐஏ, ஓஎம்டிபி என இரண்டு முறைகள் இருந்தன. இன்று பெரும்பாலும் சிடிஐஏ. பழைய நோக்கியா, சோனி எரிக்ஸன் காலத்து ஹெட்செட்கள் சில ஓஎம்டிபி. எர்த் சரியாகச் சேராதபோது இரண்டு காதுக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாட்டில் பொதுவாக இருப்பது குரல்தான். இரண்டு பகுதிகளையும் இடம் மாற்றித்தரும் சிறு இணைப்பான் கிடைக்கிறது, அதுவே தீர்வு. பின்னை முழுதாகச் செருகாமல் விட்டாலும் இதே அறிகுறி வரும். தடித்த போன் கவர் கன்வெர்ட்டரைத் தடுக்கிறதா என்றும் பாருங்கள்.

சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்க

ஜாக்கை எடுத்ததால் வந்த மிகப் பெரிய இழப்பு இதுதான். முன்பு இரண்டு துளை, இரண்டு வேலை. இப்போது ஒரே துளை எல்லாச் சுமையையும் தாங்குகிறது. அது தேய்ந்தால் பாட்டோடு சார்ஜும் நின்றுவிடும்.

சார்ஜும் ஆடியோவும் சேர்ந்த இரட்டை முனைக் கன்வெர்ட்டர்களில் மட்டமானவை ஏராளம். போன் சாதாரணமாக டிஏசி-க்கு மின்சாரம் கொடுக்கும் இடத்தில் இருக்கிறது. சார்ஜர் வந்ததும் அது மின்சாரம் வாங்கும் இடத்துக்கு மாற வேண்டும், அதே நேரம் தகவல் அனுப்புவதையும் நிறுத்தக்கூடாது. இந்த இடமாற்றத்தைப் பேசி முடிக்க யுஎஸ்பி பவர் டெலிவரி சிப் ஒன்று கன்வெர்ட்டருக்குள் வேண்டும். அது இல்லாதவற்றில் சார்ஜ் ஏறும்போது பாட்டு நிற்கும், அல்லது பாட்டு ஓடும்போது சார்ஜ் ஏறாது. வாங்கும்போது டிஏசி, பவர் டெலிவரி இரண்டும் குறிப்பிட்டிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் பாட்டோடு சார்ஜ் போட்டுப் பாருங்கள். சார்ஜரைச் செருகும் நொடியில் ஒரு சின்னத் தடங்கல் வந்தால் பரவாயில்லை, அதற்குப் பின்னும் விட்டுவிட்டு வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

சார்ஜ் போடும்போது மட்டும் ‘உம்ம்’ என்று இரைச்சல் கேட்டால் பவர் பேங்கில் செருகிப் பாருங்கள். இரைச்சல் போய்விட்டால் குறை சார்ஜரிலோ வீட்டு எர்த்திலோதான், கன்வெர்ட்டரில் இல்லை.

உங்கள் போனில் வயர்லெஸ் சார்ஜிங் இருந்தால் இந்தத் தலைவலியே வேண்டாம். போனைத் தட்டின் மேல் வைத்துவிட்டு, டைப்-சி துளையை ஹெட்போனுக்கு விட்டுவிடுங்கள்.

லைட்னிங் முனை ஐபோன்கள்

ஐபோன் 7 முதல் 14 வரை லைட்னிங் முனை. 7, 8, எக்ஸ் மூன்றின் பெட்டியிலும் கன்வெர்ட்டர் இருந்தது. 2018-இல் வந்த மாடல்களோடு அதையும் நிறுத்திவிட்டார்கள். இதில் ஆப்பிளின் அங்கீகாரச் சிப் இல்லாதவற்றைப் போன் மறுக்கலாம். இன்னொரு ஏமாற்றும் உண்டு. சில மலிவுக் கன்வெர்ட்டர்கள் ப்ளூடூத்தை ஆன் செய்யச் சொல்லும். அவை லைட்னிங் முனையிலிருந்து மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பாட்டை ப்ளூடூத் வழியாக வாங்குகின்றன. வயரில் இருந்தும் வயரின் பயன் இல்லை. ப்ளூடூத்தை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். பாட்டு நின்றால் வாங்காதீர்கள்.

ப்ளூடூத் ரிசீவர் யாருக்கு ஆகும்?

3.5 மி.மீ. துளையுள்ள சிறு ப்ளூடூத் ரிசீவரில் பழைய ஹெட்போனைச் செருகியும் கேட்கலாம். பாட்டுக்கும் செய்திக்கும் இது போதும். ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் ஐபோனுக்கு ஏஏசி, ஆண்ட்ராய்டு 8 முதல் எல்டாக் இருக்கும் ரிசீவராகப் பாருங்கள். ஆனால் ஒலி நொடியின் ஒரு பகுதி தாமதித்து வரும். போனில் கீபோர்டு செயலி வாசிப்பவருக்கும், கரோக்கியோடு பாடிப் பதிவு செய்பவருக்கும் அது ஒத்துவராது. டாக்பேக் போன்ற திரைவாசிப்பானை நம்பிப் போனை இயக்கும் பார்வையற்றவர்களுக்கு ஒவ்வொரு தொடுதலுக்கும் காத்திருக்க வேண்டிவரும். ஜாக் தேவையில்லை என்று முடிவெடுத்தவர்கள் இவர்களை நினைக்கவே இல்லை. இவர்களுக்கு வயர்தான் சரி.

எஃப்.எம். ரேடியோவைப் பொறுத்தவரை கன்வெர்ட்டர் கைகொடுக்காது. அதற்கு ஏரியலாக இருந்தது ஹெட்போன் வயர். டிஏசி கன்வெர்ட்டரில் அந்த வயர் சிப்போடு முடிந்துவிடுகிறது. புயல் நாட்களில் டவர் விழுந்தாலும் ரேடியோ கேட்கும் என்பதால், வீட்டில் ஒரு சாதாரண பேட்டரி ரேடியோ இருக்கட்டும்.

கன்வெர்ட்டர் நீண்ட நாள் உழைக்க

துளையோடு ஒட்டி நிற்கும் கட்டை வடிவம் வேண்டாம். சட்டைப் பையில் நெம்புகோல்போல் வேலை செய்து துளையைத் தளர்த்திவிடும். நாலைந்து அங்குல வயர் உள்ளதே நல்லது. முதலில் அறுவது முனையை ஒட்டிய கழுத்துதான். வாங்கிய அன்றே அந்த இடத்தில் சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை ஒன்றரை அங்குலத்துக்குப் போட்டுச் சூடுகாட்டுங்கள். முனை இக்குழாய்க்குள் நுழையாவிட்டால் இன்சுலேஷன் டேப்பை நெருக்கமாகச் சுற்றலாம். கன்வெர்ட்டரை ஹெட்போனிலிருந்து கழற்றாமல், போனிலிருந்து மட்டும் கழற்றினால் தொலையாது.

அடுத்த போன் வாங்கப் போகிறீர்கள் என்றால், ஜாக் வேண்டும் என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். 2019-இல் வந்த எக்ஸ்பீரியா 1-இல் ஜாக் வைக்காத சோனி, அடுத்த ஆண்டு எக்ஸ்பீரியா 1 மார்க் 2-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. நடுத்தர விலைப் போன்கள் சிலவற்றில் ஜாக், மெமரி கார்டு இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஒரே மாடல் வரிசையிலும் வருடத்துக்கு வருடம் மாறுவதால், பெயரை நம்பாமல் அந்த மாடலின் விவரப் பட்டியலில் 3.5 மி.மீ. என்ற வரியைத் தேடிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.