சி மொழியில் முடிவிலி: 999999 வேண்டாம்

ஒரு அரேயில் மிகச்சிறிய எண்ணைத் தேடும்போது ஆரம்ப மதிப்பாக 999999 என்று போட்டு வைக்கிறவர்கள் நிறைய பேர். அரேயில் இருக்கிற எல்லா எண்ணுமே 10 லட்சத்தைத் தாண்டுகிற அன்றைக்கு, அரேயிலேயே இல்லாத 999999-ஐ விடையாகத் தூக்கிக் கொடுத்துவிடும், எரரும் காட்டாது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள், தசம எண்களை வைக்கிற டபுள் வகைக்கு உண்மையான முடிவிலியே இருக்கிறது.

மேத் ஹெடரை (math.h) சேர்த்துவிட்டு, சி மொழியின் சி99 பதிப்பில் வந்த இன்ஃபினிட்டி (INFINITY) என்ற மேக்ரோவை ஆரம்ப மதிப்பாகக் கொடுத்தால் போதும். எந்தச் சாதாரண எண்ணும் அதைவிடச் சின்னது, அதனால் முதல் ஒப்பீட்டிலேயே அது விலகிவிடும். அரே காலியாக இருந்தால் கடைசியில் முடிவிலியே மிஞ்சும், ஒன்றுமே கிடைக்கவில்லை என்று உடனே தெரிந்துவிடும். மிகப்பெரிய எண் வேண்டுமென்றால் முன்னால் ஒரு மைனஸ் போடுங்கள். மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கிற டெய்க்ஸ்ட்ரா அல்காரிதத்தை எழுதும்போதும் இதுதான் நல்லது: முடிவிலியோடு 5-ஐக் கூட்டினாலும் முடிவிலிதான், ஆனால் முழு எண் வகையான இன்ட்டின் உச்ச மதிப்போடு 5-ஐக் கூட்டினால் ஓவர்ஃப்ளோ, அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று சி ஸ்டாண்டர்டு எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

உள்ளே இது எப்படி இருக்கிறது? தசம எண்களைக் கணினியில் வைப்பதற்கான ஐஇஇஇ 754 என்ற தர முறையில் 64 பிட் டபுளில் 1 பிட் குறிக்கு, 11 பிட் எக்ஸ்போனன்ட்டுக்கு (அடுக்கு), 52 பிட் பின்னத்துக்கு. எக்ஸ்போனன்ட் பிட் எல்லாம் 1, பின்னம் முழுக்க 0 என்றால் முடிவிலி. பின்னத்தில் ஒரே ஒரு பிட் 1 ஆனாலும் அது நான் (NaN), அதாவது 'எண்ணே இல்லை'. இரண்டுக்கும் இடையில் அவ்வளவுதான் தூரம், முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தாலோ முடிவிலியை 0-ஆல் பெருக்கினாலோ நான் வந்து நிற்கும், அப்புறம் அதைத் தொடுகிற கணக்கு பெரும்பாலும் நான் ஆகிவிடும்.

அதனால் விடையை வெளியே கொடுக்கும் முன் மேத் ஹெடரிலேயே இருக்கிற இஸ்ஃபைனைட் (isfinite) போட்டுப் பாருங்கள், முடிவிலி, நான் இரண்டையும் ஒரே அடியில் பிடித்துவிடும். முடிவிலியை இன்ட்டாக மாற்றவே கூடாது, அதுவும் வரையறுக்கப்படாத நடத்தை.

இன்னொன்று, ஜிசிசி கம்பைலரில் ஃபாஸ்ட் மேத் ஆப்ஷனை (-ffast-math) போட்டால் முடிவிலியும் நானும் வரவே வராது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும், நீங்கள் கவனமாக எழுதிய அந்தச் சோதனையையே நீக்கிவிடலாம். சோதனை இருந்தும் முடிவிலி நழுவிப் போகிறதா, கம்பைல் ஆப்ஷன்களை எழுதி வைக்கிற மேக்ஃபைலை முதலில் திறந்து, இந்த ஆப்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள்.