ஸ்டார் அட்டவணை: கோபமும் துறுதுறுப்பும் மிகுந்த குழந்தைக்கு

ஸ்டார் அட்டவணை என்பது, குழந்தை நல்லதைச் செய்யும்போதெல்லாம் ஒரு ஸ்டார் ஒட்டி, சேர்ந்த ஸ்டாருக்குப் பரிசு தரும் அட்டை. அதை வாங்குவதற்கு முன், சொன்னதைக் குழந்தை எத்தனை முறை கேட்கிறது என்று 3 நாள் சும்மா எண்ணிப் பாருங்கள். ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த நிலை) உள்ள 7 வயதுக் குழந்தை மாலையில் 5 முறை சொன்னால் 2 முறைதான் கேட்கிறது என்றால், முதல் வார இலக்கு 3. ஐந்துக்கு ஐந்தும் வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்தால் இரண்டாம் நாளே அட்டை கிழிபடும்.

அட்டையில் "நல்ல பிள்ளையாக இருப்பது" என்று எழுதாதீர்கள், அதை எண்ண முடியாது. "அடிக்கக் கூடாது" என்பதும் வேண்டாம். "கோபம் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு அம்மாவிடம் வருவது" என்று, செய்ய வேண்டியதை எழுதுங்கள். ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

செய்த அரை நிமிடத்துக்குள் ஸ்டார் ஒட்டி, எதற்காக என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இரவில் மொத்தமாக ஒட்டினால் பயனில்லை. இந்தக் குழந்தைகளுக்குக் காத்திருப்பதுதான் பெரும் பாடு. பரிசும் அன்றே கிடைக்கட்டும்: 3 ஸ்டாருக்கு 10 நிமிடம் கேரம், அல்லது இரவுக் கதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் என்பதெல்லாம் அதற்கு அடுத்த ஜென்மம் மாதிரி.

பலர் சறுக்குவது ஓரிடத்தில்: கோபத்தில் ஒட்டிய ஸ்டாரைப் பிடுங்குவது. உழைத்துச் சம்பாதித்தது பறிபோனால் அட்டையே எதிரியாகிவிடும். தவறுக்கு ஸ்டார் கிடையாது, அவ்வளவுதான். அட்டையைக் கூடத்தில், விருந்தினர் கண்ணில் படும்படி மாட்டவும் வேண்டாம்.

இரண்டு வாரத்தில் பரிசு சலிக்கும், பட்டியலை மாற்றுங்கள். இலக்கு எளிதான பின் ஒன்று கூட்டுங்கள்.