கால்பந்து வீரர் சாவி போலத் திரும்பிப் பார்க்கப் பழகுவது எப்படி?

வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குக் காலில் வேகம் இருக்கிறது. பந்து வருவதற்கு முன்னால் சுற்றிப் பார்க்கும் பழக்கம்தான் குறைவு. அதற்கு நான் எப்போதும் சாவி ஹெர்னாண்டஸைத்தான் காட்டுவேன். உயரம் ஐந்தடி ஏழு அங்குலம்தான், பெரிய ஓட்டக்காரரும் இல்லை. ஆனாலும் 1998 முதல் 2015 வரை பார்சிலோனாவுக்காக 767 ஆட்டங்கள், 2010இல் ஸ்பெயின் அணியோடு உலகக்கோப்பை. 2019இல் கத்தாரில் ஓய்வு பெறும்வரை அந்தத் தலை திரும்பிக்கொண்டேதான் இருந்தது.

மூன்று பேர் போதும். ஒருவர் நடுவில், முன்னாலும் பின்னாலும் பதினைந்தடி தள்ளி ஒவ்வொருவர். முன்னால் இருப்பவர் பந்தைத் தட்டும் நேரத்தில் பின்னால் இருப்பவர் விரல்களை நீட்டுவார். நடுவில் இருப்பவர் தோளுக்கு மேல் பார்த்து, எத்தனை விரல் என்று சத்தமாகச் சொன்ன பிறகே பந்தைத் தொட வேண்டும். நம் மண் தரையில் பந்து கடைசி நொடியில் எகிறும். அதனால் சீக்கிரம் பார்த்துவிட்டுக் கண்ணைப் பந்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அது கைவந்ததும் விரலை விடுங்கள். பின்னால் இருப்பவர் பறிக்க ஓடி வந்தால் ஒரே தொடுதலில் திருப்பிக் கொடுக்கணும். பின்னால் இருப்பவர் வராமல் நின்றால் உடம்பைப் பக்கவாட்டில் திறந்து, பந்துக்குத் தூரமாக இருக்கும் காலில் வாங்கித் திரும்பணும்.

என்னிடம் வரும் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி மூன்று வாரம் விரலைத் தப்பாகவே சொன்னாள். நேற்று பார்த்தாள், "நாலு!" என்றாள், திரும்பினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.